கண்ணாடிக்கு மேலே எழுதிய கடிதம்

உசிலம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். பேரன் பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே நன்றாக ஓடியது. வங்கிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து சேமித்தேன். மின்சாரம் போய் வந்த பிறகு பார்த்தால் கடிதத்தைக் காணோம். கடைக்காரர் வைரஸ் என்கிறார். பென்டிரைவ் கெட்டுவிட்டதா?"

பென்டிரைவ் கெடவில்லை, வைரஸும் இல்லை. ஐயா பார்த்தது, கணினியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று வேலைகளில் ஒன்று.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை இப்படிப் பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். செய்முறை தெரிந்ததுதான். லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதற்கான மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து கிளம்பாது. எழுதும்போது பென்டிரைவில் இருந்த பழைய கல்யாணப் படங்கள் எல்லாம் அழிந்துவிடும். பிறகு கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது அந்த நிறுவனம் வைத்திருக்கும் வேறு விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

இனி, கடிதம் எங்கே போனது?

கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றின் கல்லா மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடி. அதற்குக் கீழே சாமி படம், விலைப்பட்டியல், யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு. கடைக்காரர் அவசரத்துக்குக் கண்ணாடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் கணக்குப் போடுகிறார். மேலிருந்து பார்ப்பவருக்குப் படமும் கணக்கும் ஒரே பரப்பாகத் தெரியும். இரவு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. கீழே இருந்தவை இருந்தபடியே இருக்கும்.

பென்டிரைவில் இருக்கும் லினக்ஸ் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காகிதம். முழு இயங்குதளமும் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்ற முறையில் நசுக்கி ஒரே கோப்பாக அடைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. கேட்கும் துண்டை மட்டும் அந்த நேரத்தில் விரித்துக் கொடுக்கும். உலாவி முதல் முறை திறக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு, மறுமுறை சட்டென்று திறப்பது இதனால்தான்: விரித்த துண்டு நினைவகத்திலேயே காத்திருக்கிறது.

கண்ணாடியின் மேற்பரப்பு, ரேம் நினைவகத்தில் ஒதுக்கிய ஓர் இடம். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் வேலையைச் செய்வது 'ஓவர்லேஎஃப்எஸ்'. லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்தில், 2014இல் வெளிவந்த 3.18 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. படிக்கக் கேட்டால் முதலில் மேலே தேடும், இல்லாவிட்டால் கீழே. கீழே உள்ள கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் போதும், அந்தக் கோப்பு முழுவதையும் மேலே நகலெடுத்து நகலில் திருத்தும். விலைப்பட்டியலில் பருப்பு விலை மட்டும் மாறினாலும் பட்டியல் முழுவதையும் புதுச் சீட்டில் எழுதி, பழையதற்கு நேர் மேலே கண்ணாடியில் வைப்பது போல.

கீழே இருக்கும் கோப்பை அழித்தால்? அங்கே கை வைக்க முடியாதே! இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். மேல் அடுக்கில் அதே பெயரில் ஒரு வெற்றுச் சீட்டை ஒட்டிவிடுகிறது. 0, 0 என்ற எண்களைக் கொண்ட, எந்தக் கருவியையும் குறிக்காத ஒரு கருவிக் கோப்பு (வழக்கமாக வட்டு போன்ற கருவிகளைச் சுட்டும் வகைக் கோப்பு) அது. அதைக் கண்டதும் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடும். கோப்போ கீழே பத்திரமாக இருக்கிறது. ஆகவே அங்கே இடம் மிச்சமாகட்டும் என்று எதையாவது அழித்தால் ஒட்டிய சீட்டுக்கும் கொஞ்சம் இடம் போகும், மிச்சமாவது ஒன்றுமில்லை.

ஐயாவின் கடிதம் கண்ணாடியின் மேலே இருந்தது. ரேம் மின்னூட்டத்தால் நினைவு வைத்திருப்பது. பேட்டரி செத்த மடிக்கணினியில் மின்சாரம் போனதுதான் ஈரத்துணி.

வைரஸ் என்று சொன்ன கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. திரையை வலது சொடுக்கிப் பத்து முறை 'ரெஃப்ரெஷ்' கொடுத்தால் கணினி வேகமாகும் என்று நம்பும் ஊர் இது. எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை அழித்துச் சினிமாவுக்கு இடம் பண்ணியதைத்தான் நான் பார்த்தேன். கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை ஆசிரியர்களின் பயிற்சிக்கு ஒதுக்கினால் இந்தக் கேள்வியை ஐயாவின் பேரனே தீர்த்திருப்பான் என்பது என் கட்சி.

ஐயா, துடைத்தால் போய்விடும் என்பதாலேயே அங்கே துணிந்து எதையும் தட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு வருகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். 'நிறுவு' என்ற படத்தை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். டிஸ்க்கை அழிக்கவா என்று அது கேட்பது விளையாட்டு அல்ல. நிறுவும்போதும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது கண்ணாடிக்குக் கீழே இருப்பதுதான், நீங்கள் மேலே எழுதிய கடிதம் கூடப் போகாது.

கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். இந்த முறை இன்னொரு பென்டிரைவைச் செருகி அதில் சேமியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கப் போய் அது எழுத மறுத்தால், பயப்பட வேண்டாம். விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருந்திருக்கும். விண்டோஸுக்குப் போய், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு வாருங்கள்.