ஹப்: வண்டிக்குடத்தின் வழிவந்த சொல்

கணினியில் சாதனங்களைச் செருகும் ஒரு துளையை, அதாவது போர்ட்டை, பலவாக்கித் தருவது யூ.எஸ்.பி. ஹப். சேலம் கணினிக் கடைகளில் அதைக் கேட்டுப் போகிறவரிடம் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். நான்கு போர்ட்டா, ஏழு போர்ட்டா? விலைப் பேச்சும் அதையொட்டியே நடக்கும். அந்தப் பெயரின் பொருளைச் சற்றே துருவிப் பார்த்துவிட்டுப் போனால் கேட்க வேண்டியது வேறு என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் ஹப் என்பது வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டை. அச்சு நுழைவதும் ஆரக்கால்கள் வந்து பொருந்துவதும் அதில்தான். 17ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தலைகாட்டும் இச்சொல்லின் வேர் இன்னும் உறுதிப்படவில்லை. அதற்கு முன்பே அங்கே வழங்கிய பெயர் நேவ். கொப்பூழைக் குறிக்கும் நேவல் என்ற ஆங்கிலச் சொல்லும், வடமொழி நாபியும் அதற்கு உறவு. நாபிக்கும் கொப்பூழ், சக்கரத்தின் நடு என இரண்டு பொருளும் உண்டு. பின்னாளில் பல வழிகள் கூடும் இடத்துக்கெல்லாம் ஹப் பெயராயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு இன்றும் அது செல்லப்பெயர். 1996இல் யூ.எஸ்.பி.யின் முதல் வரையறை வெளியானபோது ஹப்பும் அதில் இடம்பெற்றிருந்தது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் கட்ட வேண்டிய தேவையே இல்லை. நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால், சுற்றிலும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டா: மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகள் இவை. உருண்டு திரண்ட வடிவத்தால் நடுக்கட்டை வண்டிக்குடம் ஆனது. இன்னும் பழைய சொல் குறடு, தேர்ச்சக்கரத்தில் அச்சுக் கோக்கும் இடம். இன்று குறடு என்றதும் ஆணி பிடுங்கும் கருவிதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை மீட்பது கடினம்.

கணினித் தமிழில் மையம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யூ.எஸ்.பி. அமைப்பில் மையம் கணினிதான். எந்தச் சாதனம் எப்போது பேசலாம் என்று முடிவு செய்வது அதுவே. ஹப் அதன் ஒரு கிளை மட்டும். குவியம் என்றால் ஒளிக்கதிர்கள் வந்து கூடும் புள்ளி என்று இயற்பியல் பாடத்தில் படித்துவிட்டோம். பெருக்கி என்று சொல்லத் தோன்றுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஹப் போர்ட்டுகளைக் கூட்டுகிறது. வேகத்தையோ மின்சாரத்தையோ அது தானாகக் கூட்டுவதில்லை. பெருக்கி என்ற நினைப்போடு வாங்குகிறவருக்கு ஏமாற்றம் உறுதி.

ஐந்து சாலைகள் கூடும் நம் சேலத்து ஐந்து ரோட்டை எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு போர்ட் ஹப்பில் சாதனங்களுக்கு நான்கு வழி, கணினிக்கு ஒரு வழி, ஆக ஐந்து. நான்கு வழிகளிலும் வருவதெல்லாம் அந்த ஐந்தாவது வழியில்தான் போயாக வேண்டும். யூ.எஸ்.பி.யின் 2.0 பதிப்பு என்றால் அந்த வழியின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஐந்து ரோட்டில் 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள் அல்லவா? 2008இல் வந்த 3.0 பதிப்பின் ஹப்பும் ஈரடுக்குதான். ஒரே கூட்டுக்குள் 2.0க்கு ஒரு ஹப், 5 கிகாபிட் வேகத்துக்குத் தனிக் கம்பிகளோடு இன்னொரு ஹப். அதனால் கீபோர்டும் பழைய பிரிண்டரும் கீழடுக்கில் ஊர்ந்துகொண்டிருக்க, ஹார்ட் டிஸ்க் மேலடுக்கில் தடையின்றி ஓடும்.

வேகத்தைவிட மின்சாரம்தான் வீட்டில் அதிகத் தொல்லை தருவது. யூ.எஸ்.பி. 2.0 வரையறைப்படி கணினியின் ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும். சுவர் பிளக்கிலிருந்து தனி மின்சாரம் தரும் அடாப்டர் இல்லாத ஹப் அதில் தனக்கென 100 எடுத்துக்கொண்டு, மீதியைப் போர்ட்டுக்கு 100 வீதம் பிரித்துத் தர வேண்டும். நான்கு போர்ட் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. பென் டிரைவ், மவுஸ் போன்றவை இதில் பிழைத்துக்கொள்ளும். கையடக்க ஹார்ட் டிஸ்க் பிழைக்காது. அது டிக் டிக்கென்று ஒலித்துவிட்டுத் திரையிலிருந்து மறைந்துபோனால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறாமல் கணினியிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தருகிறது. அதுவும் ஏழு சாதனங்களுக்குக் காணாது. ஏழு என்ற விந்தையான எண்ணுக்கும் காரணம் உண்டு. பல ஹப்புகளின் உள்ளே நான்கு போர்ட் சில்லுகள் இரண்டைக் கோத்திருப்பார்கள். கோத்த இடத்தில் ஒன்று போக மிஞ்சுவது ஏழு. அடாப்டர் இல்லாத ஏழு போர்ட் ஹப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதனால்தான் எனக்குக் குடம் பொருத்தமாகப் படுகிறது. எல்லா ஆரக்கால்களின் பாரமும் குடத்தில்தான் இறங்கும். தண்ணீர்க்குடத்தோடு குழம்பாமலிருக்க, வண்டிக்குடம் போலவே இணைப்புக்குடம் என்று சேர்த்துச் சொல்லலாம். ஒரு குடத்தில் இன்னொன்றைச் செருகிச் சங்கிலியாக ஐந்து வரை போகவும் வரையறை இடம் தருகிறது. கணினியின் ஒரு கட்டுப்படுத்தியின் கீழ், குடங்களையும் சேர்த்து, 127 சாதனங்கள் வரை இருக்கலாம்.

யூ.எஸ்.பி. என்பது யுனிவர்சல் சீரியல் பஸ் என்பதன் சுருக்கம். அதன் கடைசிச் சொல்லான பஸ்ஸும், புதிய பஸ் நிலையத்தில் நாம் ஏறும் பஸ்ஸும் ஒரு தாய்ப் பிள்ளைகள். எல்லோருக்கும் என்று பொருள்படும் ஓம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வால்தான் இரண்டும். கணினித் தமிழில் அதற்குப் பாட்டை என்ற அழகான பெயர் உண்டு.

கடையில் இணைப்புக்குடம் என்று கேட்டால் விழிப்பார்கள். ஹப் என்றே கேளுங்கள். கூடவே, அடாப்டர் வருகிறதா, அதில் எத்தனை ஆம்பியர் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 5 வோல்ட், 4 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் சில்லறைச் சாதனங்களும் தாராளமாக ஓடும். கணினியில் இருப்பது 2.0 போர்ட் மட்டும் என்றால் 3.0 ஹப் வாங்கினாலும் பழைய வேகம்தான் கிடைக்கும். கீபோர்டும் மவுஸும் பென் டிரைவும் மட்டும் செருகுகிற வீட்டுக்கு அடாப்டர் இல்லாத நான்கு போர்ட் 2.0 ஹப்பே போதும். அதற்குமேல் செலவழிக்க வேண்டாம்.