ஸ்கிராஃபிட்டோ: எதைக் கீறுகிறார்கள்?

மட்கலத்தின் மேல்பூச்சைக் கீறி வரையும் வேலைக்கு 'ஸ்கிராஃபிட்டோ' என்று பெயர். இது இத்தாலியச் சொல். கீறியது என்று பொருள். சுவர்க் கிறுக்கலுக்கு வழங்கும் 'கிராஃபிட்டி' இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் 'கிராஃபியும்' என்ற லத்தீன் சொல்லில் போய் நிற்கிறார்கள். அதற்குப் பொருள் எழுத்தாணி. பனையோலையில் ஆணியால் கீறி, கரி தேய்த்துப் படித்தவர்கள் நாம். கீறலும் எழுத்தும் ஒன்றுதான் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியில், குறிப்பாக ஃபெராரா, பொலோன்யா நகரங்களில், இந்த வகை மட்கலங்கள் செழித்தன. பைசாந்தியக் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) குயவர்கள் அதற்கு முன்பே செய்த வேலைதான் இது. சிவப்பு மண்ணில் தட்டை வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் வெள்ளைக் களிமண் குழம்பை மேலே பூசுவார்கள். பூச்சு இறுகியதும் கூரிய முனையால் கீறினால், அடியிலிருக்கும் செம்மண் கோடாகத் தெரியும். பக்கவாட்டு முகங்கள், முயல்கள், இலைக்கொடிகள் என்று வரைந்திருக்கிறார்கள். அப்புறம் சூளையில் ஒருமுறை சுட்டு, செம்பிலிருந்து பச்சையும் இரும்பிலிருந்து பழுப்பு மஞ்சளும் தீட்டி, கண்ணாடி போலப் படியும் காரீய மெருகிட்டு மறுபடி சுடுவார்கள். உருகும் மெருகில் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்துவிடும். அந்த வழிசல்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

வெள்ளை மெருகின் மேல் வண்ணம் தீட்டும் இத்தாலிய மட்கலம் 'மயோலிக்கா'. அதை வைத்து ஸ்கிராஃபிட்டோவுக்கு 'மெட்ஸா மயோலிக்கா', அதாவது 'அரை மயோலிக்கா', என்றும் ஒரு பெயர் உண்டு. சரியான பெயரல்ல. மயோலிக்காவின் வெண்மை வெள்ளீயம் கலந்த மெருகால் வருவது; நம் வீட்டு ரசச் சொம்பு ஈயம்தான் அது. இங்கே வெண்மை வெறும் மண். வேலையே வேறு, ஒன்றை இன்னொன்றின் பாதி என்பது நியாயமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கீறல் பானை' என்றால் கீழடிப் பானையோடுகளின் கீறல் குறியீடுகள்தான் நினைவுக்கு வரும். அங்கே கீறப்பட்டது பானையின் உடல்; இங்கே கீறப்படுவது அதன் பூச்சு. அதனால் 'பூச்சுக்கீறல்' என்பதே பொருந்தும். கலத்தைச் சொல்லும்போது 'பூச்சுக்கீறல் மட்கலம்'. சுவரில் சாந்துப் பூச்சைக் கீறி வரையும் இத்தாலிய வேலைக்கும் ஸ்கிராஃபிட்டோ என்றே பெயர். அதற்கும் இந்தச் சொல் அப்படியே ஒத்துவரும்.