உயவுமெழுகு

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடாமல், வீட்டிலேயே உருக்கி அதற்குள் இறங்கச் செய்யும் மெழுகை ‘செயின் வாக்ஸ்’ என்றும் ‘வாக்ஸ் லூப்’ என்றும் சொல்கிறோம். இதைத் தமிழில் ‘சங்கிலி உயவுமெழுகு’ என்று எழுதலாம். எதற்கு இடுவது என்பது முன்பே தெரிந்திருந்தால் ‘உயவுமெழுகு’ மட்டும் போதும்.

‘லூப்’ என்பது ‘லூப்ரிகன்ட்’ என்பதன் குறுக்கம். வழுவழுப்பானது, வழுக்குவது என்று பொருள்படும் ‘லூப்ரிகஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பொருளுக்குத் தமிழில் மசகு, உயவு என்று இரண்டு சொற்கள் உள்ளன. முதலில் நினைவுக்கு வருவது மசகுதான். வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் மாட்டுவண்டிகள் ஓடிய காலத்தில், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினார்கள். ‘வண்டி மை’ என்றும் ‘மசகு’ என்றும் வழங்கிய அந்தக் குழம்பு வேட்டியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. இலங்கைச் செய்தித்தாள்கள் கச்சா எண்ணெயையே ‘மசகு எண்ணெய்’ என்று எழுதுகின்றன. ஆக, மசகு என்றதும் கறுப்பும் ஈரமும் பிசுக்கும் சேர்ந்தே மனத்தில் வந்து நிற்கின்றன. செயினுக்கு இடும் மெழுகோ இம்மூன்றும் வேண்டாம் என்பதற்காகவே இடப்படுவது. ஆறியபின் தொட்டால் விரலில் கறை ஒட்டாது. ‘மசகு மெழுகு’ என்று எழுதினால் முதற்பாதியை இரண்டாம் பாதி மறுத்துவிடும்.

‘உயவு’ என்பதற்கு அந்த இடையூறு இல்லை. உராய்வைக் குறைக்க இடுபவற்றை நம் பள்ளிப் பாடநூல்கள் ‘உயவுப்பொருள்கள்’ என்கின்றன. எண்ணெய், கிரீஸ், கிராஃபைட் தூள் என எதையும் அச்சொல் தாங்கும், ஈரம் வேண்டும் என்ற கட்டாயம் அதற்குக் கிடையாது. பழந்தமிழில் உயவு என்றால் வருத்தம். ‘உயாவே உயங்கல்’, அதாவது உயா என்றால் வருந்துதல் என்பது தொல்காப்பிய உரியியல். வண்டி அச்சுக்கு இடும் நெய்க்கு ‘உயவுநெய்’ என்ற பெயரும் உண்டு. காய்ந்த செயின் மிதிக்கு மிதி முனகுவதைக் கேட்டவருக்கு, வருத்தத்தைக் குறிக்கும் சொல்லும் வருத்தம் தீர்க்கும் பொருளின் பெயரும் ஒன்றாக ஒலிப்பது வியப்பாகத் தோன்றாது.

மெழுகு என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல். சாணமிட்டுத் தரையை மெழுகுகிறோம். தேனடையிலிருந்து எடுப்பதும் மெழுகுதான். சித்த மருத்துவத்தில் இடிவல்லாதி மெழுகு, ரசகந்தி மெழுகு என்று மருந்துகளுக்கும் இப்பெயர் உண்டு; அங்கே அது பக்குவத்தைக் குறிக்கிறது. தெலுங்கு பேசும் வீடுகளில் மெழுகை ‘மைனம்’ என்பார்கள். நம் அகராதிகளில் உள்ள ‘மயணம்’ அதற்கு உறவு. ஜவ்வாது மலைத் தேனோடு தேன்மெழுகும் கிடைக்கும் என்றாலும், அது பிசுபிசுப்பு மிகுந்தது. தூசியைப் பிடித்துவைக்கும் என்பதால் செயினுக்கு அதைத் தனியாக இடுவதை நான் விரும்பமாட்டேன். இதற்கு ஏற்றது மெழுகுவத்திகளில் உள்ள பாரஃபின். 1830ஆம் ஆண்டில் கார்ல் ஃபான் ரைகன்பாக் மரத்திலிருந்து எடுத்த தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியாததால், ‘குறைந்த ஒட்டுறவு’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். குடியாத்தம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலுக்கு அது புதிதல்ல. குச்சியில் தீ பரவுவதற்காக அதன் நுனியைத் தோய்ப்பது இந்த மெழுகில்தான்.

செயின் தேய்வது வெளியே தெரியும் பட்டைகளில் அல்ல, உள்ளே ஊசியும் அதைச் சூழ்ந்த உறையும் உரசும் இடத்தில். கோடையில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பறக்கும் நுண்மணல் எண்ணெயோடு சேர்ந்தால், அந்த இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலாகிவிடும். அதனால் முதலில் செயினைக் கழற்றி, பழைய பிசுக்கு அறவே போகும்வரை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றினால் சீறி வெடிக்கும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே முறை. உருகிய மெழுகில் செயினை இறக்கினால் கணுக்கணுவாகச் சிறு குமிழிகள் கிளம்பும். உள்ளே அடைந்திருந்த காற்று வெளியேற, அவ்விடத்தில் மெழுகு நுழைகிறது. குமிழி நின்றபின் எடுத்துத் தொங்கவிட்டால், ஆறியதும் அது குச்சிபோல் விறைத்து நிற்கும். ஒவ்வொரு கணுவாக மடக்கிவிட்டால் நெகிழ்ந்துவிடும். விறைப்புக்குப் பயந்து சிலர் கொஞ்சம் திரவ பாரஃபின் சேர்ப்பதுண்டு. அளவு மிஞ்சினால் வேலூர்க் கத்திரி வெயிலில் மெழுகு இளகி, பழையபடி மணலைப் பிடிக்கும். மழையில் நனைந்தால் மறுபடி மெழுகிட வேண்டும், இல்லையேல் துரு ஏறும்.

‘சங்கிலி’ வடமொழிச் ‘சிருங்கலா’விலிருந்து வந்தது, தமிழில் ‘தொடர்’ இருந்தது. ‘தொடர்ப்படு ஞமலி’ என்று புறநானூறு சொல்வது சங்கிலியில் கட்டிய நாயை. ஆனால் தொடர் இன்று வேறு பொருள்களில் நிலைத்துவிட்டதால், சங்கிலியையே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘வாக்ஸிங்’ என்பதை ‘மெழுகுதல்’ என்றால் வாசலில் சாணம் கரைப்பது நினைவுக்கு வரும். ‘மெழுகு பூசுதல்’ என்றால் வேலை மேற்பரப்போடு நின்றதாகப் பொருளாகும். எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் முதல்முறை கேட்டபோது, “இன்னா சார், செயினுக்குப் போயி மெழுகா? வத்தி ஏத்தப் போறியா?” என்று சிரித்தார். பாத்திரத்தில் குமிழிகள் அடங்குவதைக் குனிந்து பார்த்துவிட்டு, “இப்பதான் குடிச்சிக்கினு கீது, எடுக்காத” என்றார். குடிப்பது செயின் என்றால் நாம் செய்வது ஊட்டுவது. துணிக்குச் சாயம் ஊட்டுகிறோம், பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுகிறோம், செயினுக்கு மெழுகூட்டுகிறோம்.