நரம்பு குருதிக்கலன்: நடுவில் ‘க்’ வேண்டாம்

கிளிநொச்சியில் குருதி எடுக்கக் கை நீட்டியவர் “எனக்கு லேசில நரம்பு அம்பிடாது, மிஸ்ஸி” என்றால் அவர் சொல்வது நாளத்தை, குருதியை இதயத்துக்குக் கொண்டுபோகும் கலனை. ஆட்டிறைச்சி வெட்டும்போது கழித்துப் போடும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். பேச்சில் பிழையில்லை, சொல்லின் பழைய வீச்சே அதுதான். யாழில் கட்டியதும் நரம்பு. புறநானூறு 278இல் முதியவளின் தோளில் ‘நரம்பு எழுந்து’ தெரிவது புடைத்த நாளம். கிரேக்க ‘நியூரோன்’கூட முதலில் தசைநாணையும் வில்நாணையுமே குறித்தது. அதோடு சிறு கலம் என்னும் இலத்தீன் ‘வாஸ்குலும்’ சேர்ந்ததே, நரம்பையும் குருதிக்கலனையும் ஒருங்கே குறிக்கும் ‘நியூரோவஸ்கியூலர்’.

இதைத் தமிழில் ‘நரம்புக்குருதிக்கலன்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். ‘க்’ வந்தால் அது நரம்புக்குரிய கலன். அப்படியும் ஒன்று உண்டு: நரம்பின் உறைக்குள் ஓடி அதற்கு ஊட்டம் கொடுக்கும் நுண்குழாய்கள். சீனி வருத்தத்தில் கால் விறைக்கிறதே, அதில் இவற்றின் பழுதுக்கும் பங்குண்டு. நரம்பும் கலனும் என்றால் ‘உம்’ மறைந்து நிற்கும் உம்மைத்தொகை, வல்லினம் மிகாது. வெற்றிலை பாக்கு போல ‘நரம்பு குருதிக்கலன்’ என்றே எழுதவேண்டும். சேர்ந்து ஓடும் கட்டு ‘நரம்பு குருதிக்கலன் கற்றை’.

விலா எலும்பின் கீழ்விளிம்புப் பள்ளத்தில் இந்தக் கற்றை மேலிருந்து கீழாக நாளம், நாடி, நரம்பு (இந்தியப் பாடநூல்களில் சிரை, தமனி, நரம்பு). நெஞ்சில் கட்டிய நீரை எடுக்கும் ஊசியைக் கீழுள்ள விலாவின் மேல்விளிம்பை ஒட்டி இறக்குவது இதனால்தான். மேல் விலாவை ஒட்டினால் கற்றையில் படும்.

கருவில் நரம்பா கலனா முன்னே போவது? இடத்துக்கு இடம் வேறு. சுண்டெலிக் கருவின் கால் தோலில் வழிகாட்டுவது உணர்வு நரம்பு. 13ஆம் நாளளவில் கலன்கள் வெறும் வலைதான். நரம்பு சுரக்கும், கலன் வளர்ச்சியைத் தூண்டும் வீ.ஈ.ஜீ.எஃப் புரதத்தால் அதையொட்டிய கலன்கள் 15ஆம் நாளளவில் நாடிகளாகின்றன. நரம்புகள் தாறுமாறாக ஓடும் கருக்களில் நாடிகளும் அதே தாறுமாறைப் பின்தொடர்ந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் விருப்பமின்றியே உள்ளுறுப்புகளை இயக்கும் பரிவு நரம்புகளிலோ நிலைமை தலைகீழ்: கலன் சுவரின் மழமழப்பான தசை ஆர்ட்டெமின் போன்ற புரதங்களைச் சுரந்து நரம்பைத் தன்மேல் இழுக்கிறது. எலியின் மீசைமயிர் வேரைச் சுற்றியுள்ள நரம்பு வளையமும் கலன் வளையமும் மட்டும் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. ஒன்று உருவாகாவிட்டாலும் மற்றது தன்னிடத்தில் உருவாகிவிடும்.