டீமெர்ஜர்: சார்ட்டில் காட்டும் பழைய விலையை வரிக் கணக்கில் எழுதாதீர்கள்

ரிலையன்ஸ் பங்கின் சார்ட்டில் 2023 ஜூலை 20-ஆம் தேதியைப் பாருங்கள். அட்ஜஸ்ட் செய்யாத, அதாவது பழைய விலைகளைத் திருத்தாத சார்ட்டில் ஒரே இரவில் 9 சதவீதத்துக்கு மேல் சரிவு தெரியும். அட்ஜஸ்ட் செய்த சார்ட்டில் அந்தப் பள்ளமே இருக்காது.

ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனிக் கம்பெனியாகப் பிரிந்ததற்கான (இதுதான் டீமெர்ஜர்) ரெக்கார்டு தேதி, அதாவது யாருக்குப் புதிய பங்கு என்று முடிவு செய்யும் தேதி அது. ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு ஒரு ஜியோ பங்கு. முந்தைய நாள் என்.எஸ்.இ.யில் ரிலையன்ஸ் முடிந்த விலை ரூ.2,841.85. மறுநாள் காலை நடந்த சிறப்பு ப்ரீ-ஓப்பன் அமர்வில் (வழக்கமான வியாபாரம் தொடங்கும் முன் விலையைக் கண்டறியும் அமர்வு) நிலைத்த விலை ரூ.2,580. வித்தியாசமான ரூ.261.85 ஜியோவின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜியோ பங்கு சந்தைக்கு வந்தது ஆகஸ்ட் 21 அன்றுதான். அதுவரை சார்ட்டை மட்டும் பார்த்தவருக்கு இது வெறும் நஷ்டம்.

சார்ட் தயாரிப்பவர்கள் இந்தப் பள்ளத்தை நிரவ, பழைய விலைகள் எல்லாவற்றையும் 2,580 ÷ 2,841.85, அதாவது சுமார் 0.908 ஆல் பெருக்கிவிடுவார்கள். ரூ.2,000 என்று நடந்த வியாபாரம் சார்ட்டில் சுமார் ரூ.1,816 ஆகிவிடும். 2024 அக்டோபர் 28-இல் 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு ஒரு இலவசப் பங்கு) வந்ததால் அதுவும் பாதியாகி, இப்போது ரூ.908 என்று நிற்கும். அந்த விலையில் அன்று யாரும் வாங்கவில்லை.

வருமான வரிக்கு இந்த 0.908 உதவாது. வருமான வரிச் சட்டம் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 49(2சி), 49(2டி) பிரிவுகள்) வாங்கிய விலையைச் சந்தை விலைப்படி பிரிப்பதில்லை. பிரிந்துபோன சொத்தின் நிகரப் புத்தக மதிப்புக்கும் கம்பெனியின் நிகர மதிப்புக்கும் உள்ள விகிதப்படி பிரிக்கிறது. ரிலையன்ஸ் அறிவித்த விகிதம்: ரிலையன்ஸுக்கு 95.32%, ஜியோவுக்கு 4.68%.

ரூ.2,000 வீதம் 10 பங்கு வாங்கியிருந்தால் மொத்தம் ரூ.20,000. அதில் ரிலையன்ஸின் அடக்கவிலை ரூ.19,064, ஜியோவின் அடக்கவிலை ரூ.936. பலர் சறுக்குவது ஜியோவில்தான். ஒரு பங்கின் அடக்கவிலை ரூ.261.85 என்று நினைத்து, ரூ.250-க்கு விற்றதை நஷ்டமாகக் காட்டிவிடுவார்கள். உண்மையில் அடக்கவிலை ரூ.93.60, பங்குக்கு ரூ.156.40 லாபம். வைத்திருந்த காலமும் ஜியோ பட்டியலான நாளிலிருந்து அல்ல, ரிலையன்ஸ் வாங்கிய நாளிலிருந்தே தொடங்கும்.

போனஸுக்கு வரிக் கணக்கு வேறு. போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யம். பழைய பங்கின் அடக்கவிலை பாதியாகாது. ஆப்பில் தெரியும் ‘சராசரி விலை’ இதை எப்போதும் சரியாகக் காட்டும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே வாங்கிய விலைக்கு, வாங்கியபோது புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டை எடுங்கள். பிரிக்கும் விகிதத்துக்குக் கம்பெனி பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பைப் பாருங்கள். ஐடிசி ஹோட்டல்ஸ் பிரிந்தபோது 10 ஐடிசிக்கு 1 ஹோட்டல்ஸ் பங்கு; விகிதம் ஐடிசிக்கு 86.49%, ஹோட்டல்ஸுக்கு 13.51%. ஒன்றின் விகிதத்தை இன்னொன்றுக்குப் போட முடியாது.

டிரேடிங் செய்பவர்களுக்கு ஒன்று: அட்ஜஸ்ட் செய்யாத சார்ட்டில் 200 நாள் சராசரி, 52 வாரக் குறைந்த விலை இரண்டுமே டீமெர்ஜருக்குப் பின் பல மாதங்கள் பொய் சொல்லும். பழைய விலையை வைத்துப் போட்ட ஜிடிடி ஸ்டாப்-லாஸை (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கக் காத்திருக்கும் ஆர்டரை) ரெக்கார்டு தேதிக்கு முந்தைய நாளே ரத்து செய்துவிடுங்கள்.