முகத்துவாரம், தொடுவாய்: சொல் விளக்கம்

மாரி பிடித்து நந்திக்கடல் களப்பு (கடலோரக் காயல்) நிரம்பத் தொடங்கினால் முல்லைத்தீவில் வாய்க்கு வாய் வரும் கேள்வி, "முகத்துவாரம் வெட்டியாச்சோ?" களப்பையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டை வெட்டுவதைத்தான் கேட்கிறார்கள், வெட்டுவது வட்டுவாகல் என்ற இடத்தில். வெள்ளத் தடுப்புக் கூட்டங்களிலும் இதே சொல்தான் புழங்குகிறது.

முகம், துவாரம் இரண்டும் வடசொற்கள். துவாரம் என்றால் வடமொழியில் வாசல். கோயில் துவாரபாலகர் அந்தப் பொருளில்தான் வாசலில் நிற்கிறார். நம் பேச்சிலோ அது வெறும் ஓட்டை, மூக்குத் துவாரம் போல. ஆறோ களப்போ கடலில் சேரும் இடத்துக்கு இந்தச் சொல் இலங்கை முழுக்க நிலைத்துவிட்டது. கொழும்பில் களனி ஆறு கடலில் விழும் பகுதி முகத்துவாரம். மட்டக்களப்பிலும் ஒரு முகத்துவாரம் உண்டு.

பாடநூல்கள் கழிமுகம் என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் அது கடல்நீரும் ஆற்றுநீரும் தடையின்றிக் கலக்கும் இடத்துக்கே பொருந்தும். நந்திக்கடலின் வாய் அப்படிப்பட்டதல்ல. மழையில்லாத மாதங்களில் அலை மணலைக் குவித்து அதை அடைத்துவிடும். இந்தக் கரையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரும் இல்லை. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்துக்கு வாயைத் திறந்தே வைத்திருக்கும் பலம் கிடையாது. பிறகு மாரியில் பேராறு நீரைக் கொண்டுவரும், முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அதுவும் சேரும். ஒன்றில் மணல்திட்டு தானாக உடைய வேண்டும், இல்லையென்றால் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து வெட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட வாய்க்கு வன்னியின் வரைபடத்திலேயே ஒரு சொல் கிடக்கிறது: தொடுவாய். கொக்கிளாய்க்கு வடக்கே கொக்குத்தொடுவாய். கடலுக்கு அந்தப் பக்கம், சீர்காழிக்கு அருகே தொடுவாய் என்றே ஒரு மீனவ ஊர். கடலைத் தொடுகிற வாய் என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் தொடுதல் என்றால் தோண்டுதல் என்றும் பொருள் உண்டு. "தொட்டனைத்து ஊறும் மணற்கேணி" என்ற குறளில் வருவது அந்தப் பொருள்தான். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் எதை நினைத்தார்களோ, என் ஓட்டு தோண்டுகிற பக்கம். (குமரிக் கரையில் பொழி, பொழிமுகம் என்பார்கள். அதுவும் அழகுதான், ஆனால் இங்கே யாருக்கும் பழக்கமில்லை.)

சொல் எதுவானால் என்ன என்று கேட்கலாம். வாசல் என்றால் ஒருதரம் கட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆண்டுதோறும் தோண்ட வேண்டிய வாய்க்கு ஆண்டுதோறும் காசு வேண்டும். குளக்கட்டுக்கும் வான்கதவுக்கும் மதிப்பீடு போட்டுப் பணம் கேட்க நமக்குத் தெரியும். மணலை வெட்டுவதோ வெள்ளம் வீட்டுக்குள் வந்தபிறகு அனர்த்த நிதியில் தேடும் செலவாகவே கிடக்கிறது.

எப்போது வெட்டுவது என்பதுதான் சிக்கலான கேள்வி. வயல் மூழ்கும் கமக்காரர் நேரத்தோடு வெட்டச் சொல்வார். வாய் முந்தித் திறந்தால் களப்பு வடிந்து இறால் போய்விடும் என்று கடற்றொழிலாளர் தடுப்பார். இருவர் சொல்வதும் நியாயம். களப்பு மட்டம் கடல்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்து நின்றால் சிறிய வெட்டுப் போதும், நீரே அதை அகலமாக்கிவிடும். கடல் கொந்தளிக்கும்போது வெட்டினால் அலை அதைத் திரும்ப மூடிவிடும். புயல் வந்து கடலே உயர்ந்து நிற்கும் நாளில் வெட்டுவதால் பயன் குறைவு. கடல் உள்ளே வரவும் கூடும். முல்லைத்தீவுப் பட்டினம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கிறது, பெயரில் தீவு சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

இருபுறமும் கல்லைக் கொட்டி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கலாம் என்ற யோசனையும் வரும். கரையோரமாக நகரும் மணல் கல்லின் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கக் கரையை அரிக்கும், களப்பின் உப்புத்தன்மையும் மாறும். ஆகவே கல்லின் விலையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது.

திட்ட அறிக்கை எழுதுவோருக்கு ஒரு மாதிரி வசனம்: "களப்பு நீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும் தொடுவாய் வெட்டப்படும், அதற்கான பணம் ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஒதுக்கப்படும்." அந்த மட்டத்தைக் கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் கோடையிலேயே கூடிப் பேசி, வட்டுவாகல் பாலத்தூணில் கோடாகப் போட்டுவிடலாம்.