மடிப்பு மிதிவண்டியா, மடக்கு மிதிவண்டியா?

கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் கூடவே ஒரு குட்டி சைக்கிளையும் கொண்டுபோகிறார்கள். பாதியாக மடங்கிக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் சைக்கிள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் மடிப்பு சைக்கிள், மடிமிதிவண்டி, மடக்கு சைக்கிள் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். நான் ‘மடக்கு’ கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

போர்வையை மடிக்கிறோம், கடிதத்தை மடிக்கிறோம். மெல்லிய பொருள், எந்த இடத்தில் வேண்டுமானாலும் வளையும், வளைந்த இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குப் பெயர்தான் மடிப்பு. கையையோ விரலையோ மடக்குகிறோம். அங்கே மூட்டு என்று ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும்தான் மடங்கும், வேறு எங்கேயாவது மடங்கினால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். இந்த வேறுபாட்டை எல்லாரும் எப்போதும் பார்ப்பதில்லை, ‘காலை மடித்து உட்கார்’ என்றும் சொல்கிறோம். ஆனால் மடக்குக் கத்தியை யாரும் மடிப்புக் கத்தி என்று சொல்லிக் கேட்டதில்லை. சைக்கிளின் சட்டகத்தில் இருப்பதும் மூட்டுதான். கதவில் இருப்பது போன்ற ஒரு கீல், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு நெம்புகோல். ஆகவே மடக்கு.

‘மடி’க்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. தன்வினையில் அதற்குச் சாவு என்ற பொருளும் வந்துவிடும். ‘மடியும் மிதிவண்டி’ என்று விளம்பரம் எழுதினால் யார் வாங்குவார்கள்? அப்புறம், மடிக்கணினி. அதில் உள்ள மடி நாம் குழந்தையை வைத்துக்கொள்ளும் மடி. மடித்து மூடுவதால் வந்த பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் மடிமிதிவண்டி என்ற சொல்லும் பிறந்திருக்க வேண்டும். 12 கிலோ இரும்பை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை.

மடங்கு, மடக்கு இரண்டும் அடங்கு, அடக்கு போல ஓர் இணை. தானே நிகழ்ந்தால் மடங்கு, நாம் செய்தால் மடக்கு. ‘இரு மடங்கு’ என்று எண்ணிக்கையில் சொல்கிறோமே, அதுவும் இதே சொல்தான். ஒரு பொருளை ஒருமுறை மடக்கினால் இரண்டு அடுக்கு. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலமும் இதையே செய்திருக்கிறது. ‘ஃபோல்டிங்’ சைக்கிளில் உள்ள ஃபோல்டும், இரு மடங்கைக் குறிக்கும் ‘டூஃபோல்டு’ என்ற சொல்லின் வாலும் ஒரே வேரிலிருந்து வந்தவை. உறவே இல்லாத இரண்டு மொழிகள், யோசனை ஒன்று.

சரி, மிதிவண்டிக்கு வருவோம். ‘பைசிக்கிள்’ 1860களில் புழக்கத்துக்கு வந்த சொல். இலத்தீனின் ‘பி’யும் (இரண்டு) கிரேக்கத்தின் ‘குக்ளோஸ்’ என்பதும் (சக்கரம்) சேர்ந்தது. ஈழத்தமிழர் இதைத் துவிச்சக்கரவண்டி என்பார்கள். வடமொழியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘துவி’யும் ‘பி’யும் உடன்பிறப்புகள், ‘சக்கர’மும் ‘குக்ளோ’ஸும் உடன்பிறப்புகள். பைசிக்கிளும் துவிச்சக்கரமும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். மிதிவண்டி மட்டும் வேறு வழியில் போகிறது: அது சக்கரத்தை எண்ணாமல் காலின் வேலையைப் பார்க்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஈருருளி என்றும் ஒரு சொல் இருக்கிறது, யாரும் வாயில் போட்டுக்கொள்வதில்லை.

கேரவன் பாரசீகத்தின் ‘கார்வான்’. பாலைவனத்தில் கூட்டமாகப் போன வணிகர் வரிசை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு கூரை போட்ட வண்டியாகி, கடைசியில் சக்கரம் வைத்த வீடாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லையே மடக்கி வால் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் வேன். வணிகர் கூட்டத்துக்குத் தமிழில் ‘சாத்து’ என்று பெயர் இருந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் அது இருக்கிறது. ஆனால் இன்றைய கேரவனுக்கு அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அமெரிக்கர்கள் ‘ஆர்வி’ (ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்) என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘பொழுதுபோக்கு ஊர்தி’ என்றால் ராட்டினம் போல ஒலிக்கிறது. தானே ஓடுவதை வீட்டூர்தி என்றும், காருக்குப் பின்னால் இழுத்துப்போவதை இழுவை வீடு என்றும் சொல்லலாம். பேச்சில் கேரவனே போதும்.

மிதிவண்டியும் கேரவனும் சேரும் இடத்தில்தான் ‘மடக்கு’ என்ற சொல் தன் வேலையைக் காட்டுகிறது. வீட்டூர்தியை ஓர் இடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் மாட்டியபின், ஒரு தீப்பெட்டி வாங்க அதைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. சைக்கிள் வேண்டும். முழுநீளச் சைக்கிளைப் பின்புறத் தாங்கியில் மாட்டினால் வண்டி நீளும், எண் பலகையும் விளக்கும் மறையும், மழையும் தூசியும் செயினுக்குத்தான். மடக்குச் சைக்கிள் உள்ளே வந்துவிடும்.

லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுவில் வடிவமைத்த பிராம்ப்டன் சைக்கிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்த பிராம்ப்டன் தேவாலயம்தான் அதற்குப் பெயர் தந்தது. 16 அங்குலச் சக்கரம். பின்சக்கரம் அடியில் சுழன்று வந்து ஒதுங்கும். மடக்கினால் ஏறக்குறைய 60 செ.மீ. நீளமும் உயரமும், 27 செ.மீ. கனமும்தான். செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்வதால் மெத்தையில் கரி படாது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் வான்குடை வீரர்களுக்குக் கொடுத்த சைக்கிளும் மடக்கு வகைதான், ஆனால் சக்கரம் பெரியது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ள முடியாது.

சட்டகத்தையே இரண்டாகக் கழற்றி எடுக்கும் சைக்கிளும் உண்டு. அதை மடக்கு வகையில் சேர்க்காதீர்கள், அது கழற்று மிதிவண்டி. மடக்குவதில் எந்தத் துண்டும் தனியாக வராது. மழையில் நின்றுகொண்டு திருகாணி தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். ஒன்று மட்டும்: மடக்கியதைப் பட்டை போட்டுக் கட்டாமல் வீட்டூர்தியைக் கிளப்பாதீர்கள், திடீர் பிரேக்கில் 12 கிலோ முன்னால் பறந்து வரும்.

எழுதும்போது: மடக்கு மிதிவண்டி, ஒற்று வேண்டாம், மடக்குச் சைக்கிள் என்றால் ‘ச்’ போடுங்கள். எதிர்ச்சொல் ‘விரி’. மடக்கி வைத்தேன், விரித்து ஓட்டினேன். கைக்கு ‘நீட்டு’ என்போம், ஆனால் சைக்கிளை நீட்டினேன் என்றால் யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்று ஆகிவிடும்.